வரப்பும் இரண்டாம் மேல்முறையீடும்

"மேல இருக்கிற ஜட்ஜு அந்த வரப்ப ஒருதடவ பாத்தாப் போதும் அய்யா, எல்லாம் தெரிஞ்சிரும்" என்றார் கட்சிக்காரர். "ஹைகோர்ட்ல வரப்பப் பாக்க மாட்டாங்க அண்ணாச்சி, சட்டத்த மட்டுந்தான் பாப்பாங்க" என்றேன். சொன்னது சரிதான். ஆனாலும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிலத்தின் வரப்பு யாருடையது என்ற தகராறு. முன்சீப் கோர்ட்டில் அவர் போட்ட வழக்கு தள்ளுபடி. சார்பு நீதிமன்றத்தில் அப்பீலும் தள்ளுபடி. அவர் கேட்டதெல்லாம் கிடைத்திருக்க வேண்டிய இடம் அந்த முதல் அப்பீல்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96ஆம் பிரிவில் வரும் முதல் மேல்முறையீட்டில் சாட்சியங்களையும் ஆவணங்களையும் புதிதாக எடைபோட்டாக வேண்டும். தீர்மானிக்க வேண்டிய அம்சங்கள், அவற்றின் மீதான முடிவு, அதற்கான காரணம் எல்லாம் தீர்ப்பில் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் கட்டளை 41, விதி 31. இந்தத் தீர்ப்பிலும் அம்சங்கள் இருந்தன, முடிவும் இருந்தது. கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் (ஆணையர்) சர்வேயரோடு போய் அளந்து கொடுத்த அறிக்கையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதோடு இணைத்த வரைபடத்தில் பழைய வரப்பு தெளிவாகவே குறிக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் ஹைகோர்ட்டுக்கு இரண்டாம் மேல்முறையீடு போட ஏன் தயங்கினேன்? 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதே சட்டத்தின் 100ஆம் பிரிவில் சாராம்சமான சட்ட வினா, அதாவது வழக்கின் முடிவைத் தொடும் முக்கியமான சட்டக் கேள்வி, இருந்தால்தான் இரண்டாம் மேல்முறையீடு நிற்கும். மனுவிலேயே அதை எழுத வேண்டும்; நீதிமன்றம் அதை வகுத்த பிறகே விசாரணை. வினா எழவில்லை என்று பட்டால் அனுமதிக் கட்டத்திலேயே, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்கூடப் போகாமல், முடிந்துவிடும். இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்த வழக்கு என்றால் இன்னும் கடினம். 2001இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லா வக்கீலுக்கும் தெரியும்: கீழ்க்கோர்ட் தீர்ப்பைப் புரட்டும்போது அதன் காரணங்களை நெருங்கி நின்று மறுக்க வேண்டும், உறுதி செய்யும்போது பொதுவான உடன்பாடு போதும். அதே தீர்ப்பு, கடமையைத் தட்டிக்கழிக்க இது வழியாகிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. என் தயக்கத்துக்கு முதல் பாதியைத்தான் காரணம் காட்டினேன். இரண்டாவது பாதியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

வரம்பு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. சாட்சிக் கூண்டில் நின்றவரை நேரில் பார்த்தவர் முன்சீப் மட்டும்தான். ஒவ்வொரு வரப்புத் தகராறையும் ஹைகோர்ட் முதலிலிருந்து கேட்டால் எந்தத் தீர்ப்பும் நிலைக்காது. ஆனால் இந்த வரம்பு, முதல் அப்பீல் முழுமையாக நடந்திருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அங்கே ஒரு சான்றைத் தொடாமலே விட்டால், மேலே போகிறவருக்கு என்ன மிச்சம்?

இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் கெடு 90 நாள். தீர்ப்பு சொன்ன நாளும், நகல் பெறத் தேவைப்பட்ட நாள்களும் அந்தக் கணக்கிலிருந்து கழியும். நகல் மனுப் போடும் முன்பே தீர்ப்பாணை தயாரிக்கக் கோர்ட் எடுத்த நாள் கழியாது. அதனால் தீர்ப்பு வந்த அன்றே மனுப் போட வேண்டும். நகல் தயாரான பிறகு வாங்காமல் கிடந்த நாளும் நம் கணக்கில்தான் ஏறும். நகலின் பின்பக்க முத்திரையில் உள்ள தேதிகளைக் காட்டி அண்ணாச்சிக்கு இதை விளக்கினேன். வேறொரு சீனியரிடமும் கேளுங்கள் என்று வழக்குக் கட்டை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் போன பிறகு வினாவை எழுதிப் பார்த்தேன்: "கட்டளை 26, விதி 10இன்படி சாட்சியமாகும் ஆணையர் அறிக்கையைப் பரிசீலிக்காமலே முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழமைத் தீர்ப்பை உறுதி செய்தது சட்டப்படி செல்லுமா?" முக்கியச் சான்றை ஒதுக்கியது இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் காரணமாகலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. படிக்கும்போது சட்ட வினாவாகத்தான் தெரிகிறது. எதிர்த்தரப்பில் நின்றால், வரப்பு யாருடையது என்பது வெறும் பொருண்மைக் கேள்வி (உண்மையில் என்ன என்ற கேள்வி), இதில் சட்ட வினாவே எழவில்லை என்று நானே வாதாடுவேன். அப்படி வாதாட 100ஆம் பிரிவின் (5)ஆம் உட்பிரிவு இடம் தருகிறது.