நண்டுக் கம்பெனியிலிருந்து பால்டிமோர் கிளைக்கு: எல்-1ஏ விசா அனுபவம்

தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும் நண்டு, இறால், கணவாய் ஏற்றுமதி செய்கிறவர்களிடம் இப்போது அடிக்கடி ஒரு பேச்சு அடிபடுகிறது. “அமெரிக்காக்காரன் நம்ம சரக்கை வாங்கி அவன் பேரை ஒட்டி விக்கிறான். நாமளே அங்க ஒரு கிளையைப் போட்டா என்ன?” போடலாம். அங்கே கம்பெனி பதிவு செய்வது பெரிய வேலையே இல்லை. அதை நடத்த இங்கிருந்து ஓர் ஆளை அனுப்புவதுதான் பெரிய வேலை. எங்கள் கம்பெனியில் அப்படிப் போன ஆள் நான். விவரம் கேட்டு வருகிற எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் எழுதி வைக்கிறேன்.

பாக் நீரிணைக் கரையில் எங்கள் ஆலை. நீலக்கால் நண்டை வேகவைத்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து, பாஸ்டரைஸ் செய்து குளிர்பெட்டியில் அனுப்புகிறோம். நான் அங்கே உற்பத்தி, தரக்கட்டுப்பாடு இரண்டுக்கும் மேலாளர். மேரிலாந்து மாநிலத்தில் நண்டு கேக் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு உயிர். செசபீக் விரிகுடாவின் நண்டு போதாமல் வெளிநாட்டுச் சதையும் அங்கே நிறைய இறங்குகிறது. அதனால்தான் பால்டிமோர்.

முதல் கேள்வி எந்த விசா என்பது. முதலீட்டாளருக்கான இ-2 இந்தியர்களுக்குக் கிடையாது. அதற்கான ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இல்லை. பட்டதாரி வேலைகளுக்கான எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000, அங்கே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் 20,000 என்று குலுக்கலில் போகிறது; அதை நம்பிக் கிடங்கு வாடகை பேச முடியாது. தொழில் விஷயமாகப் போய்வருவதற்கான பி-1 விசாவில் போய் இடம் பார்க்கலாம், ஒப்பந்தம் பேசலாம். முதலாளி அப்படித்தான் போய் வந்தார். ஆனால் அதில் உட்கார்ந்து அலுவலகம் நடத்தக் கூடாது. மிச்சம் இருப்பது எல்-1. ஒரே குழுமத்துக்குள் ஆளை மாற்றுவதற்கான விசா. ஆண்டு உச்சவரம்பு இல்லை. மேலாளர், நிர்வாகி என்றால் எல்-1ஏ. கம்பெனிக்கே உரிய தனி நுட்பம் தெரிந்தவர் என்றால் எல்-1பி. அமெரிக்கக் கிளை தொடங்கி ஓராண்டு ஆகாதிருந்தால் அதற்குப் ‘புதிய அலுவலகம்’ என்று தனி விதி.

விதி கேட்பது சுருக்கமாக இவ்வளவுதான்: மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுக்குள் அந்த ஊழியர் தாய்க் கம்பெனியில் தொடர்ந்து ஓராண்டு மேலாளராகவோ நிர்வாகியாகவோ நுட்பம் தெரிந்தவராகவோ வேலை பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் தொழிலுக்குப் போதுமான இடம் கைவசம் இருக்க வேண்டும். எல்-1ஏ என்றால், ஓராண்டுக்குள் அந்தக் கிளை ஒரு மேலாளரைத் தாங்கும் அளவுக்கு வளரும் என்று காட்ட வேண்டும். இந்தியாவில் தொழில் தொடர்ந்து நடக்கவும் வேண்டும். இங்கே கதவைப் பூட்டிவிட்டு அங்கே போக முடியாது.

பணம் அனுப்பும் பக்கத்தை எங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். நம் கடற்கரையில் பாதிப் பேர் தனிநபர் பெயரில் தொழில் நடத்துவதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2022-இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளில் ‘இந்திய நிறுவனம்’ என்பதற்குள் கம்பெனி, எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் எல்லாம் வரும். தனிநபர் தொழில் வராது. அதை நடத்துகிறவர் தனிமனிதராக, ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள்தான் அனுப்ப முடியும். நாங்கள் பிரைவேட் லிமிடெட். வங்கி வழியாக வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்சி படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்கு ரிசர்வ் வங்கி தரும் தனி அடையாள எண் (யுஐஎன்) வந்த பிறகே முதல் டாலர் போனது. அந்தத் தாளும் பங்குச் சான்றிதழும் பின்னால் விசா மனுவில் ‘இந்தக் கிளை அந்தத் தாய்க் கம்பெனிக்குச் சொந்தம்’ என்பதற்கு ஆதாரமாகப் போயின. கிளைக்கான அமெரிக்க வரி எண்ணுக்கு, அங்குள்ள சமூகப் பாதுகாப்பு எண்ணோ தனிநபர் வரி எண்ணோ இல்லாதவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது, ஃபேக்ஸிலோ தபாலிலோதான்.

உண்மையான போராட்டம் என் வேலையைத் தாளில் எழுதும் இடத்தில்தான் வந்தது.

வழக்கறிஞர் நியூஜெர்சியில் இருக்கும் தமிழ்ப் பெண்மணி. முதல் அழைப்பிலேயே கேட்டார்: “காலையில் ஆலைக்குள்ள வந்ததிலிருந்து என்ன செய்றீங்க, சொல்லுங்க.” சொன்னேன். நண்டு வரத்தைப் பார்ப்பேன், வேகவைக்கும் வெப்பநிலைப் பதிவைப் பார்ப்பேன், சதை எடுக்கும் மேசைகளைச் சுற்றி வருவேன்.

“இதை இப்படியே எழுதினா உங்களை மேற்பார்வையாளர்னு சொல்லிடுவாங்கம்மா. மேலாளர்னு ஏத்துக்க மாட்டாங்க.”

அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. தொழிலாளர்களை நேரடியாக மேய்க்கும் முதல் நிலை மேற்பார்வையாளரை, அவருக்குக் கீழே இருப்பவர்கள் தொழில்முறைப் பட்டதாரிகளாக இருந்தாலொழிய, அது மேலாளராக ஏற்பதில்லை. சதை எடுக்கும் நூறு பெண்களைக் கட்டி மேய்க்கிறேன் என்பது நம் ஊரில் பெரிய பொறுப்பு. அந்தச் சட்டத்தின் கண்ணில் அது எடுபடாது. எனக்கு அன்று கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நான் நேரடியாக மேய்ப்பது அந்தப் பெண்களை அல்ல. அவர்களுக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த பட்டதாரிகள். அவர்களை வேலைக்கு எடுப்பது, சம்பள உயர்வு முடிவு செய்வது, எந்த ஏஜென்டிடம் நண்டு வாங்குவது நிறுத்துவது, ஒரு லாட்டை நிராகரிப்பது, எச்ஏசிசிபி என்கிற உணவுப் பாதுகாப்புத் திட்டத்தில் கையெழுத்திடுவது: இவைதான் என் வேலை. இவற்றைச் செய்யாமல் செய்ததாக எழுதவில்லை. செய்துகொண்டிருந்தும் வாயால் சொல்லிப் பழகாததை எழுதினோம். எந்த வேலைக்கு வாரத்தில் எத்தனை விழுக்காடு நேரம் என்றுகூடப் பிரித்தோம்.

அதற்கு ஆதாரம் வேண்டுமே. இங்கேதான் நம் பக்கத்துக் கம்பெனிகள் பலவும் மாட்டிக்கொள்ளும். சம்பளம் கையில், கணக்கு நோட்டில் என்று இருந்தால் ஓராண்டு வேலை பார்த்ததை எதை வைத்து நிரூபிப்பது? என் சம்பளம் வங்கியில் வந்தது, பிஎஃப் கட்டியிருந்தது, படிவம் 16 இருந்தது. எனக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அப்படியே. அமைப்பு வரைபடத்தில் பெட்டி போட்டு எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சம்பளப் பட்டியல் இருந்தது. அந்தப் பெண்களுக்கு முறையாக பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டும் என்று முதலாளியிடம் பல வருடம் மல்லுக்கட்டியவள் நான். அவர்களுக்கான நியாயம் அது. அதுவே என் மனுவைத் தூக்கி நிறுத்தும் என்று நினைத்துச் செய்ததில்லை.

தொழில் திட்டத்தில் இன்னொரு சிக்கல். மாதவாரி விற்பனைக் கணிப்பில் கோடைக்குப் பிறகு ஒரு பள்ளம் விழுந்தது. வழக்கறிஞர், “இது ஏன்?” என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மோர்ப்பண்ணை, காரங்காடு போன்ற ஊர்களின் நாட்டுப்படகு நண்டு மட்டும்தான் வரும். இதெல்லாம் நமக்கு மூச்சு விடுவது போல. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது தெரியாது. பள்ளம் மட்டும்தான் கண்ணில் படும். தடைக்காலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதற்கு முன்பே எவ்வளவு இருப்பு அனுப்பி வைப்போம் என்றும் எழுதினோம். இந்தக் கடற்கரையிலிருந்து யார் மனுப் போட்டாலும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

மனுவைப் போடுவது அமெரிக்கக் கிளை, ஐ-129 படிவத்தில். 2024 ஏப்ரல் 1-இல் கட்டணம் மாறியது. 25 பேர் வரை உள்ள சிறு நிறுவனம் என்பதால் எங்களுக்கு 695 டாலர், புகலிடத் திட்டக் கட்டணம் 300, மோசடித் தடுப்புக் கட்டணம் 500. விரைவுப் பரிசீலனைக்கு அப்போது 2,805. 15 வேலை நாளில் பதில் வரும். அந்தப் பதில் ஒப்புதலாகத்தான் இருக்கும் என்று இல்லை.

எங்களுக்கு வந்தது கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு கடிதம். அலுவலகம் சிறியது, குளிர்கிடங்கு வேறொருவருடையது, பிறகு தொழில் எங்கே நடக்கும் என்று கேட்டிருந்தார்கள். இப்படிக் கேட்டால் பதில் தர அதிகபட்சம் 84 நாள். வீட்டில் எல்லோரும் இடிந்துபோனார்கள். அம்மா, “வேணாந்தா, இங்கேயே இரு” என்றுவிட்டாள். வழக்கறிஞர் மட்டும் அசரவில்லை. புதிய அலுவலக மனுக்களில் இது சாதாரணம் என்றார். கிடங்கு ஒப்பந்தம், எங்களுக்கு ஒதுக்கிய இடத்தின் அளவு, வெப்பநிலைப் பதிவு, புகைப்படங்கள், அலுவலகத்தின் தரை வரைபடம், யார் எந்த மேசையில் உட்காருவார்கள் என்பது வரை வைத்து அனுப்பினோம். கடலுணவு இறக்குமதியில் வாடகைக் கிடங்கில் வைத்து விற்பது வழக்கம் என்பதைக் காட்ட, எங்கள் சரக்கை வாங்குகிற ஒருவர் கடிதம் கொடுத்தார். ஒப்புதல் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பெரும்பாலும் சடங்கு. டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பம், 205 டாலர் கட்டணம், கைரேகை, நேர்காணல். ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகம். கம்பெனி என்ன செய்கிறது, உங்களுக்குக் கீழே யார் யார், அங்கே யாரை வேலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒரு கேள்வி மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போனது: “நீங்கள் வந்துவிட்டால் அங்கே உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள்?” பெயர் சொன்னேன், அவருடைய அனுபவம் சொன்னேன். போகிற ஒவ்வொருவரும் இதற்குப் பதில் வைத்திருங்கள்.

கணவருக்கும் மகனுக்கும் குடும்பத்தினருக்கான எல்-2 விசா. 2021 நவம்பரிலிருந்து எல்-1 ஊழியரின் துணைவர் தனி அனுமதி அட்டை வாங்காமலே வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் நுழையும்போது போடும் ஐ-94 வருகைப் பதிவில் எல்-2எஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் மாமியார் வீட்டில் முகம் தெளிந்தது. ஐ-94 பற்றி இன்னொன்று: விசா முத்திரையில் எந்தத் தேதி இருந்தாலும், தங்கும் உரிமை ஐ-94 தேதி வரைக்கும்தான். இறங்கிய அன்றே பாருங்கள்.

புதிய அலுவலகத்துக்கு முதலில் கொடுப்பது ஓராண்டு மட்டும். அது முடிவதற்குள், திட்டத்தில் எழுதியதில் எவ்வளவு நடந்தது என்று காட்டி நீட்டிப்பு கேட்க வேண்டும். அதன்பின் 2 ஆண்டு, 2 ஆண்டாக, எல்-1ஏ மொத்தம் 7 ஆண்டு; எல்-1பி 5. எனவே முதல் கண்டெய்னர் இறங்கிய நாளிலிருந்தே இன்வாய்ஸ், காலாண்டுச் சம்பள வரிப் படிவம் 941, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே கோப்பில் போட்டேன். விற்பனைக்கு ஒருவர், இறக்குமதித் தாள்களுக்கு ஒருவர் என்று அங்குள்ளவர்களை எடுத்தோம். டப்பாவைத் தூக்கி அடுக்குவது, பில் போடுவது என்று நானே எல்லாவற்றையும் செய்தால் செலவு மிச்சம். ஆனால் நீட்டிப்பில் ‘இவர் மேலாளரா?’ என்ற பழைய கேள்வி திரும்ப வரும். நீட்டிப்பு கிடைத்துவிட்டது.

இப்போது தரக்கட்டுப்பாட்டிலிருந்து ஒரு தங்கையை எல்-1பியில் அழைக்கத் தயார் செய்கிறோம். நண்டுச் சதையைத் தரம் பிரிப்பதில் எங்கள் ஆலைக்கென்று இருக்கிற முறையை அவள் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று வாரா வாரம் அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய பிஎஃப் கணக்கில் பெயர் எழுத்துப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. முதலில் அதைத் திருத்தக் கொடுத்திருக்கிறோம்.