லிப்ட் நிற்காமல் இறங்கினால் உடனே பம்பைக் கழற்ற விடாதீர்கள்

எங்களிடம் இருப்பது பழைய மாஸி 1035 டிராக்டர். மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டப் போடும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்று உழவு ஓட்டியே காலம் தள்ளிய வண்டி. இந்தக் குறுவையில், வாய்க்காலில் தண்ணீர் வந்து ஊரே உழவுக்கு இறங்கிய நேரம் பார்த்து லிப்ட், அதாவது பின்னால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக், மக்கர் பண்ணியது. தேவையே இல்லாத ஒரு பம்பு வேலைக்குத் தண்டம் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். இதே வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் வண்டியை எடுத்தால் கொத்துக் கலப்பையை ஒழுங்காகத் தூக்கும். ஆயில் சூடேறியதும் மந்தமாகிவிடும். வரப்போரம் திரும்பும்போது தூக்கிய கலப்பை ஓர் இடத்தில் நிற்காது. கொஞ்சம் இறங்கும், வெடுக்கென்று ஏறும், மறுபடி இறங்கும். இன்ஜினை அணைத்தால் அடுத்த நிமிடமே தரையில் உட்கார்ந்துவிடும்.

இந்த அறிகுறிகளிலேயே பாதி பதில் இருக்கிறது. சூட்டில் ஆயில் இளகினால் சின்ன இடுக்கு வழியாகவும் ஓடும். அதனால் காலையில் நன்றாக இருந்து போகப் போகக் கெட்டால் உள்ளே எங்கோ கசிவு. ஏறி இறங்கித் தலையாட்டுவதும் அதனால்தான்: கலப்பையைத் தாங்கும் லிப்ட் கை இறங்க இறங்க வால்வு திறந்து பம்பு மறுபடி தூக்கிவிடுகிறது. தூக்க முடிகிற பம்பை முதல் குற்றவாளியாக்க இதில் ஒன்றுமே இல்லை.

ஆனால் டவுன் பட்டறை மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஆயில் குச்சியைக்கூட உருவிப் பார்க்காமல், "பம்பு போயிடுச்சுண்ணே, இறக்கித்தான் ஆகணும்" என்றார். "தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்றேன். "இருவது வருசமா இதே வேலைதாண்ணே பாக்கறேன்" என்று பதில் வந்தது. உழவு அவசரம், விட்டுவிட்டு வந்தேன்.

இந்த வண்டியில் பம்பு வெளியே இருப்பதில்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால், ஆயிலுக்குள்ளேயே மூழ்கி, பிடிஓ ஷாப்டில் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) ஓடுகிறது. கிளட்ச்சை முழுக்க மிதித்தால் லிப்ட் நிற்பதும் அதனால்தான். அதை எடுக்க சீட்டையும் லிப்ட் மூடியையும் கழற்ற வேண்டும், பெரிய வேலை. எல்லாம் செய்து, பம்புக்குப் புது கிட் போட்டு, மூடியைப் பூட்டிக் கொடுத்தார்கள். வயலில் இறக்கினால் அதே தலையாட்டம். அடுத்து ஆயில் சரியில்லை என்றார்கள். கியர் பாக்ஸ், டிபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான், கிட்டத்தட்ட 30 லிட்டர் பிடிக்கும். அதையும் மாற்றினோம். அப்புறம் லிப்ட் சிலிண்டர் என்று ஆரம்பித்தார்கள். அதற்குமேல் பொறுமை இல்லை, வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், வாடகை டிராக்டர் ஓட்டியே ஓய்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும், "சைடு மூடியைத் தொறந்து டார்ச் அடிச்சானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எதைப் பாத்துப் பம்பு போச்சுன்னான்?"

வண்டியின் வலப்பக்கம், ஆயில் குச்சி இருக்கும் மூடிதான் அது. திறந்தால் ஆயில் வழியாத அளவுக்குக் கொஞ்சம் வடித்துக்கொண்டு, மூடியைக் கழற்றினோம். நியூட்ரலில் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் கலப்பையோடு லிவரை உயர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே ஷாப்ட் சுற்றிக்கொண்டிருக்கும், கையை நுழைக்காதீர்கள். தொங்கும் துண்டு, லூசான சட்டைக் கை எதுவும் கிட்டே வரக்கூடாது. தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் குனியவும் கூடாது.

மேலே சிலிண்டர் பக்கமிருந்து ஆயில் கொட்டினால் பிஸ்டன் சீல் அல்லது ரிங் போயிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் எங்கும் கசிவு தெரியாமல் கலப்பை இறங்கினால் பம்போடு இருக்கும் வால்வைச் சந்தேகிக்கலாம். எங்களுக்கு இரண்டும் இல்லை. பம்பிலிருந்து லிப்ட் மூடிக்கு நேராக மேலே போகும் குழாயின் அடியில், பம்போடு சேரும் இடத்தில், மெல்லிய ஆயில் பீச்சு. சுமை கூடும்போது பீச்சும் கூடியது. மாமா ஒன்றும் பேசவில்லை, டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

அந்தக் குழாயை எடுக்க லிப்ட் மூடியைத் தூக்க வேண்டியதே இல்லை. டிப்பர் டிரெய்லருக்கு ஆயில் எடுக்கும் மேல் மூடியை மட்டும் கழற்றி, குழாயை மேலாக உருவினால் வந்துவிடும். கலப்பையை இறக்கி, அழுத்தம் இல்லாமல் வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். குழாயின் கீழ் ஓரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) உருண்டை வடிவமே இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் கீறினாலும் அமுங்காத அளவுக்கு இறுகியிருந்தது. ஓரிடத்தில் ஒரு துணுக்கே பிய்ந்து போயிருந்தது. லிப்ட் மூடியைத் தூக்க இந்தக் குழாயை எடுத்தே ஆக வேண்டும். அதாவது பட்டறையில் இதைக் கையில் எடுத்து, பழைய ஓரிங்கோடேயே திரும்பச் சொருகியிருக்கிறார்கள்!

ஸ்பேர் கடையில் முதலில் கொடுத்தது தண்ணீர் மோட்டாருக்குப் போடும் ரப்பர் வளையம். அளவு சரியாகவே இருந்தது. ஆனால் ஆயிலில் ஊறினால் உப்பிவிடும். ஆயிலுக்கான நைட்ரைல் ஓரிங் என்று கேட்டு, பழையதையும் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மேலும் கீழும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். சொருகும்போது ஆயில் தடவி, குழாயை நேராக அழுத்த வேண்டும். சாய்த்தால் புது ஓரிங்கே வெட்டுப்பட்டுவிடும். மாற்றியபின் மேல் மூடியில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தோம், முள் 2,000 பிஎஸ்ஐயைத் தாண்டி ஏறியது. கலப்பையும் தூக்கிய இடத்தில் நின்றது.

இன்னும் சில விஷயங்கள். பட்டறைக்குப் போகும்முன் லிவரைப் பாருங்கள். டிராப்ட் லிவரில் (கலப்பை இழுக்கும் சுமையைப் பொறுத்து ஏற்றி இறக்குவது) ஓட்டினால், டாப் லிங்கில், அதாவது கலப்பையை மேலே பிடித்திருக்கும் கம்பியில், சுமை இல்லாதபோது லிப்ட் கை ஒன்று முழுக்க ஏறும், இல்லாவிட்டால் முழுக்க இறங்கும், நடுவில் நிற்காது. அது கோளாறே இல்லை. டிராப்ட் லிவரை மேலே தள்ளிவிட்டு, பொசிஷன் லிவரால் (கலப்பையை வைத்த உயரத்தில் நிறுத்துவது) சோதியுங்கள்.

இந்த லிப்ட் தூக்க மட்டும்தான் செய்யும், இறங்குவது கலப்பையின் எடையில். "தரையில் அழுத்த மாட்டேங்குது" என்று யாராவது பம்பைக் குறை சொன்னால் நம்பாதீர்கள்.

ஆயில் குச்சியில் பால் டீ நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்று உழவு வண்டிகளில் ஆக்ஸில் சீல் வழியாக நுழையும். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த உழவுக்குள் அதே நிறம்தான்.

பட்டறையில் கழற்றிய பழைய பம்பு சாமான்களைக் கேட்டேன், காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்கிறார்கள். அவை தேய்ந்திருந்தனவா இல்லையா என்று பார்க்கவே வழியில்லை. வண்டியை விடும்போதே, கழற்றுகிற சாமான் எல்லாம் டூல் பாக்ஸில் திரும்பி வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.