வெள்ளை டைல்

நகரியில் ஒரு நூல் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கும் வேலையில் சேர்ந்தபோது, நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி காட்டும் எண்தான் எனக்கு வேதம். சாய மாஸ்டர் திருத்தணிக்காரர். நூல் கண்டியை, அதாவது நூல் சுருளை, வடக்கு ஜன்னலில் பிடித்து நிறம் பார்ப்பவர். ஒரு வெளிர்நீல லாட்டின் நிறம் வெளிறி இறங்கியிருப்பதாகக் கருவி காட்டியது. சாயம் கூட்டச் சொன்னேன்.

"தம்பி, சரியாகத்தானே இருக்கிறது. ஜன்னலுக்கு வந்து பாருங்கள்" என்றார். நான் போகவில்லை. அப்படியே மூன்று லாட்டுகள் ஏறிய நிறத்துடன் நெசவுக்குப் போய், மூன்றும் திரும்பி வந்தன.

தவறு, அளக்கும் முன் கருவியைச் சரிபார்க்க அதில் வைக்கும் வெள்ளை டைலில் இருந்தது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை, 10 நானோமீட்டருக்கு ஒன்றாக, அந்த டைல் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பதற்கு 31 எண்கள் கருவிக்குள் பதிவாகியிருக்கின்றன. அதன் மேல் விரல் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் படிந்தாலும் கருவிக்குத் தெரியாது. பழைய எண்களையே நம்பும். டைல் 2 சதவீதம் மங்கினால், அளக்கும் நூலெல்லாம் அதே அளவு கூடுதலாக ஒளி திருப்புவதாகக் கணக்கிடும். டைல் சுத்தமாக இருந்த நாளில் பதிந்த மாதிரியோடு ஒப்பிட்டால், சரியான நிறமும் வெளிறித்தானே தெரியும்!

ஒளியே திரும்பாத இருட்டு எதுவென்று கருவிக்குக் காட்ட வைக்கும் கறுப்புக் குழியிலும் இதே கதைதான். தூசி விழுந்தால் அது திருப்பும் ஒளியைப் பூஜ்யமென்று கருவி கழித்துவிடும். அடர்ந்த நிறங்கள் இன்னும் அடர்த்தியாகப் பதிவாகும்.

அதன்பின் டைலை வேறு எவர் கையிலும் கொடுத்ததில்லை. விளிம்பில் மட்டும் பிடிப்பேன். வெண்மையூட்டி சேராத மென்மையான சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, அறைச் சூட்டுக்கு வந்தபிறகே வைப்பேன். பட்டறையின் பழைய பனியனால் துடைப்பதைக் கண்டால் இன்றும் கோபம் வரும். ஒரு கருவியின் டைலை இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது. கருவிக்குள் ஒளியைச் சிதறடித்துப் பரப்பும் வெற்று உருண்டையைத் தொடுவதே இல்லை. எங்கள் கருவியில் அதன் உட்சுவர் பேரியம் சல்பேட் பூச்சு. துடைத்தால் பெயர்ந்துவிடும், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ரப்பர் பந்தால் காற்றடிப்பதோடு சரி.

அந்த மூன்று லாட்டுகளையும் நிறம் நீக்கும் ஹைட்ரோ உப்பும் காஸ்டிக் சோடாவும் போட்டு நிறம் இறக்கி, மாஸ்டர்தான் மறுபடியும் சாயமேற்றினார். நூலின் பலம் சற்றுக் குறைந்துவிட்டது. முதலாளியிடம் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் நானே போய்ச் சொன்னேன். பிறகு நூல் கண்டியை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற ஜன்னலுக்குப் போனேன்.