பஞ்சுத் தூசிக்கு நடுவே ஒரு சர்வர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுகள் பலவற்றில், ஆபீஸ் மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்தான் சர்வர். விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், எக்ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி மூன்றும் ஒன்றாக வரும் தொகுப்பு), யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த பிஎச்பி ஸ்கிரிப்ட். துணி வந்த கணக்கு, பீஸ் போன கணக்கு, டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) பிரிண்ட் எல்லாம் அதில்தான். டிசி வராவிட்டால் லோடு ஏற்றிய வண்டி கிளம்ப முடியாது.

"சிஸ்டம் ஓடலீங்க" என்று வரும் அழைப்புகளில் பல, அப்பாச்சி ஸ்டார்ட் ஆகாததுதான். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸோ பழைய ஸ்கைப்போ, அப்பாச்சிக்கு வேண்டிய 80-ஆம் போர்ட்டைப் (இணைப்பு வாசலை) பிடித்து வைத்திருக்கும். நெட்ஸ்டாட் கமாண்ட் போட்டுப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதை நிறுத்தினால் வேலை முடிந்தது.

எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது வேறு ஒன்று. ஒரு திங்கட்கிழமை காலை, கணக்கு பார்க்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, டிசி நம்பர் ஒண்ணுல இருந்து வருதுங்க. சனிக்கிழமை வரைக்கும் போட்டதெல்லாம் காணமுங்க." டேட்டாபேஸ் போய்விட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நான் எதையும் தொடாமல் அப்பாச்சியின் எர்ரர் லாகை, அதாவது பிழைப் பதிவு ஃபைலைத் திறந்தேன். சனிக்கிழமை வரிக்குக் கீழே, அன்று காலை ஸ்டார்ட் ஆன வரியில் 2009 என்று இருந்தது.

மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 செல் தீர்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுத்துவிட்டு மெயினை அணைத்ததும் கடிகாரம் பின்னால் போய்விட்டது. இன்டர்நெட் இல்லாத மெஷின், தானாகவும் திருத்திக்கொள்ளாது. ஸ்கிரிப்ட்டோ இன்றைய தேதியை வைத்துத்தான் ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டைக் கண்டுபிடித்து, அந்த ஆண்டின் டிசிக்களை மட்டும் காட்டும். அதற்குத் தெரிந்த ஆண்டில் ஒரு டிசியும் இல்லை, அதனால் ஒன்றிலிருந்து தொடங்கியது. செல்லை மாற்றி, காலையில் போட்ட டிசிக்களைத் திருத்தினோம். அப்புறம், கடைசி என்ட்ரியின் தேதிக்கு முந்தைய தேதி வந்தால் சேவ் ஆகக் கூடாது என்று ஸ்கிரிப்ட்டில் ஒரு சோதனையும் சேர்த்தேன்.

லாகைப் பார்க்காமல் எக்ஸாம்ப்பை அழித்துப் புதிதாகப் போடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். டேட்டா ஃபோல்டரோடு கணக்கும் போய்விடும். தப்பினாலும் புது எக்ஸாம்ப்பில் ஸ்கிரிப்ட் ஓடாது. டேட்டாபேஸோடு பேச அது பயன்படுத்தும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே எடுத்துவிட்டார்கள். அவற்றை, அவற்றுக்குப் பதிலாக வந்த மைஎஸ்கியூஎல்ஐக்கு மாற்றி எழுதுவதுதான் சரி. வெளி நெட்டில் இணையாத மெஷின் என்றால் மட்டும், எழுதி முடிக்கும் வரை பழைய பிஎச்பியை விட்டுவைக்கலாம்.

இன்னொரு இடத்தில் வருட ரிப்போர்ட் எடுத்தால் 30 செகண்ட் தாண்டிவிட்டது என்று நின்றுவிடும். அந்த வரம்பை 300 ஆக்கிவிட்டு வருபவர்கள் உண்டு. டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். தேதி இருக்கும் நெடுவரிசைக்கு இன்டெக்ஸே (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லை, ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது. இன்டெக்ஸ் போட்டதும் அதே மெஷினில் ரிப்போர்ட் உடனே வந்தது. புது கம்ப்யூட்டருக்கு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்த முதலாளியிடம், "அது இப்ப வேண்டாமுங்க, யுபிஎஸ் பேட்டரியை மாத்துங்க" என்றேன். திடீரென்று கரண்ட் போய் டேபிள் கெட்டுப்போவதுதான் அந்த மெஷினுக்கு இருந்த உண்மையான ஆபத்து.