மக்ளே, இ.எஸ்.ஆர் கூடியிருக்கே!

கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன லேபில் டெக்னீசியனாக இருக்கிறேன். ரோட்டை ஒட்டிய கட்டிடம். கல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகள் கடக்கும்போதெல்லாம் மேசை லேசாக அதிரும். மற்ற டெஸ்டுகளுக்கு அது பெரிய தொந்தரவில்லை, சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்க்கும் இ.எஸ்.ஆர் டெஸ்டுக்குத்தான் ஆகாது. குழாய் அதிர்ந்தாலோ கொஞ்சம் சாய்ந்தாலோ சிவப்பணுக்கள் வேகமாக இறங்கி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் அந்த ஸ்டாண்டை மட்டும் உள்ளறையில் ஒரு சிமென்ட் மேடையில் தனியாக வைத்திருக்கிறோம்.

வெஸ்டர்கிரென் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் 1921-ல் எழுதிவைத்த முறைதான் இன்றும். நாலு பங்கு ரத்தத்துக்கு உறையாமல் இருக்க ஒரு பங்கு சிட்ரேட் சேர்த்து, 200 மி.மீ. வரை கோடு போட்ட குழாயில் ஏற்றி, நேராக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். செல்கள் எத்தனை மி.மீ. இறங்கியிருக்கின்றன என்பதே ரிசல்ட். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அதிகமாகச் செய்து ரத்தத்தில் விடும். சாதாரணமாக ஒன்றையொன்று விலக்கி நிற்கும் சிவப்பணுக்கள் அப்போது நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும். கனம் கூடினால் இறக்கமும் வேகமாகும்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும், "மக்ளே, இ.எஸ்.ஆர் கூடியிருக்கே, இது என்ன நோயி?" என்று கேட்காதவர்கள் குறைவு. இது எந்த நோயின் பெயரையும் சொல்லாது. ரத்தசோகையிலும் கூடும், கர்ப்பத்திலும் கூடும், வயது ஏற ஏறவும் கூடும். உள்ளே எங்கேயோ வேலை நடக்கிறது என்பது வரைக்கும்தான் சொல்லும். அந்த வேலை உடம்புக்குத் தேவையானதா, கெடுதலானதா என்பது குழாய்க்குத் தெரியாது.

கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்களிடம் பெரும்பாலும் தேவையான வேலைதான் நடந்துகொண்டிருக்கும். ஒருவர் திருக்கை முள் குத்திய காலோடு வந்தார். குத்தியவுடனே வெந்நீரில் காலை வைத்திருந்தார். அது சரியான வைத்தியம்தான். திருக்கையின் விஷம் புரதம், பொறுக்கக்கூடிய சூட்டிலேயே அதன் வீரியம் குறைந்துவிடும். ஆனால் முள்ளின் துணுக்கு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. கால் சிவந்து, சுட்டு, வீங்கி, தொட விடாமல் வலித்தது. அழற்சியின் இந்த நான்கு அடையாளங்களையும் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்.

நான்குக்கும் காரணம் உண்டு. தோலுக்குக் கீழே இருக்கும் மாஸ்ட் செல்கள் சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. சிவப்பும் சூடும் அதனால் வருபவை. குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் வெளியே கசிகிறது, அது வீக்கம். பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனங்கள் நரம்பு முனைகளை உசுப்பிவிடுவதால் வலி. சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரைப் பிதுங்கிக் கடந்து அந்த இடத்துக்கு வந்துவிடும். புண்ணில் வரும் சீழில் பெரும்பகுதி அந்தச் செல்களின் பிணங்கள்தான். அவருடைய ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் ஸ்மியரில் எங்கே பார்த்தாலும் நியூட்ரோஃபில். அழற்சியில் கல்லீரல் செய்து விடும் இன்னொரு புரதமான சி.ஆர்.பி.யும் ஏகத்துக்கு ஏறியிருந்தது.

டாக்டர் துணுக்கை எடுத்து, சீழை வெளியேற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். சில நாளில் சி.ஆர்.பி. நன்றாக இறங்கிவிட்டது. காரணம் நீங்கினால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைகிற புரதம் அது. ஃபைப்ரினோஜன் அவ்வளவு வேகம் இல்லை, அதனால் இ.எஸ்.ஆர் இறங்க வாரக்கணக்கில் ஆகும். அவருக்குக் கோபம். "வீக்கம் வத்தியாச்சு, உங்க குழாய்க்கு மட்டும் இன்னும் தெரியல்லியா?" என்றார். நியாயமான கேள்வி.

முள் என்றால் எனக்கு மெச்னிகாஃப் ஞாபகம் வரும். 1882-ல் சிசிலியில், மெசினா கடற்கரையில் இருந்த ரஷ்ய விஞ்ஞானி. கண்ணாடிபோல் இருக்கும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டு மறுநாள் காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ரத்தக்குழாயே இல்லாத அந்தப் பிராணியிலும் செல்கள் நகர்ந்து வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. 1908-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இப்போதெல்லாம் ஒரு கோளாறும் இல்லாதவர்களும் செக்கப் பேக்கேஜில் சி.ஆர்.பி. பார்த்துவிட்டு, ஜலதோஷத்தில் கொஞ்சம் ஏறியதற்குத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். கேட்காத டெஸ்டைப் போட்டுப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காத வியாபாரம். சரி, அது இருக்கட்டும்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வருவார். ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்னால், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அவருக்கு அந்த நேரத்தில்தான் விரல் மடங்காது. கத்தியைப் பிடித்தால் நழுவும். வெயில் வந்த பிறகு கை இளகும், ஆனால் அப்போது வெட்டு நேரம் போயிருக்கும். முதலில் ஆசானிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம், தைலம். பிறகு யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த வெள்ளை மாத்திரை. ஒரே நாளில் வலி பறந்துவிட்டதாகச் சொன்னார். மாதங்கள் கழிந்து முகம் உப்பி, சுகரும் ஏறி எங்களிடம் வந்தார். அது ஸ்டீராய்டு என்பது டாக்டருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அதைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டே வந்தபோது இ.எஸ்.ஆர் 90-ஐத் தாண்டியது. மூட்டு நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் ஆன்டி சி.சி.பி. டெஸ்டும் பாசிட்டிவ். முடக்குவாதம்.

இவர் உடம்பில் எந்த முள்ளும் இல்லை. மூட்டின் உள்சவ்வையே எதிரி என்று எண்ணி நோயெதிர்ப்புச் செல்கள் வந்து கூடுகின்றன. எடுத்துப்போட ஒரு துணுக்கும் இல்லாததால் வேலை நிற்பதில்லை. குருத்தெலும்பும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகின்றன. இந்த நோயில் இன்டர்லூகின் 6 போன்ற தூதுப் புரதங்கள் இரவில் ஏறி அதிகாலையில் உச்சத்துக்கு வரும். பால் வெட்டும் நேரமும் விரல் மடங்காத நேரமும் ஒன்றாகிப் போனது அவருடைய துரதிர்ஷ்டம். திருக்கை முள் குத்தியவரின் ஸ்மியரில் நான் பார்த்ததும் இவரை முடக்குவதும் ஒரே ஏற்பாடுதான். ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் அளவு கூடுதல் என்பதற்கான ஒரே 'எச்' (H) எழுத்தைத்தான் போடுகிறோம்.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். கத்தியை மகனிடம் கொடுத்துவிட்டு, பகலில் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பிரித்தெடுக்கிறார். இ.எஸ்.ஆர் குறைந்திருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். எனக்கு அதைவிட வெள்ளையணுக் கணக்கும் கல்லீரல் டெஸ்டும் முக்கியம். அழற்சியை அடக்கும் அந்த மாத்திரை, வெள்ளையணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் அடக்கக்கூடியது. ரப்பர் தோட்டத்தில் காலில் ஒரு குச்சி குத்தினால் ஓடிவர அவருக்கும் நியூட்ரோஃபில் வேண்டுமே. வெள்ளையணுக் கவுண்ட் 4,000-க்குக் கீழே தெரிந்தால் ரிப்போர்ட் அடிப்பதற்கு முன்பே டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன். அக்கா அதுவரை வராந்தாவில் இருந்து, "இ.எஸ்.ஆர் எவ்வளவு மக்ளே?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.