அன்னம் இல்லாத ஸ்வான்சி

மே 24, சனி

பள்ளிக்கு ஒரு வாரம் லீவு. வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபிலிருந்து காரில் கிளம்பி, மத்தியானம் அதே நாட்டின் கடலோர ஊர் ஸ்வான்சி. இறங்கியதும் மகள் கேட்டாள்: "அன்னம் எங்கேப்பா?"

பெயரில் ஸ்வான் என்ற அன்னமும் இருக்கிறது, சீ என்ற கடலும் இருக்கிறது. கேட்கத்தானே செய்வாள்! ஆனால் இரண்டுமே போலி. ஸ்வெய்ன் என்பது, வடக்கு ஐரோப்பாவிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங் ஆள் ஒருவனின் பெயர். 'எய்' என்றால் அவர்களுடைய நார்ஸ் மொழியில் தீவு. ஸ்வெய்ன் தீவுதான் தேய்ந்து இப்படி ஆனது என்கிறார்கள். இந்த ஊர்க் கால்பந்து அணியின் சின்னத்தில் மட்டும் ஓர் அன்னம் உண்டு. அதைக் காட்டிச் சமாளித்தேன்.

சாலைப் பலகையில் 'அபெர்டவே' என்ற வெல்ஷ் பெயரும் இருந்தது. "அபெர்னா ஆறு கடல்ல சேர்ற இடம். ஸ்கூல்ல சொன்னாங்க." டவே ஆற்றின் கழிமுகம். இத்தனை வருஷமாக அபெர் என்றால் ஊர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 25, ஞாயிறு

ரோசிலி பாறை முகட்டிலிருந்து, கடலுக்குள் நீளும் வர்ம்ஸ் ஹெட் என்ற பாறைத் தீவைப் பார்த்தோம். வர்ம் என்றால் இன்றைய ஆங்கிலத்தில் புழு. "இவ்ளோ பெரிய புழுவா?" என்று சிரித்தாள். பழைய சொல்லுக்குப் பாம்பு, டிராகன் என்று பொருள். பார்த்தாலே புரிகிறது: முதலில் தட்டையான முதுகு, நடுவில் தாழ்ந்த கழுத்து, கடைசியில் திடீரென்று தூக்கிய தலை. தூரத்தில் படகில் வருகிறவனுக்கு வயிறு கலங்கியிருக்கும். வடக்கே லாண்டுட்னோவில் உள்ள கிரேட் ஓர்ம் என்ற கடல்முனையும் இதே நார்ஸ் பாம்புதான்.

கடல் உள்வாங்கும்போது பாறைகள் மேல் நடந்து அங்கே போகலாம். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான் கணக்கு. நாங்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனபோது பாதை தண்ணீருக்குள். தப்பு என்னுடையது, நேரத்தைப் பார்க்கவே இல்லை. கவிஞர் டிலன் தாமஸே ஒருமுறை அங்கே மாட்டிக்கொண்டவர் என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி மசியவில்லை.

மே 26, திங்கள்

டென்பி. இங்கே நான் ஏமாந்தேன். விட்பி, கிரிம்ஸ்பி என்று முடியும் ஊர்களில் அந்த 'பி' நார்ஸ் மொழியின் ஊர், பண்ணை. அதே கணக்கில் இதுவும் வைக்கிங் ஊர் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தேன். பலகையில் பார்த்தால் 'டின்பிக் அ பஸ்கோட்'. டின் கோட்டை, பிக் சின்னது, பஸ்கோட் மீன். மீன்களின் சின்னக் கோட்டை! டின்பிக்தான் ஆங்கில வாயில் டென்பி ஆகியிருக்கிறது. வடக்கே டென்பிக் என்று இன்னொரு சின்னக் கோட்டை இருப்பதால், குழப்பம் வராமலிருக்க இதற்கு மீனைச் சேர்த்தார்களாம்.

மே 28, புதன்

நேற்று முழுக்க மழை. இன்று மில்ஃபர்ட் ஹேவன். ஃபர்ட் என்றதும் ஆற்றைக் கடக்கும் துறை என்று தோன்றும். இல்லை, அது நார்ஸின் ஃபியோர்ட், நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல். 'மெல்ர்' மணல்திட்டு. மணல்திட்டு ஃபியோர்ட் என்று பெயர் இருந்ததன் பின்னால், பொருள் மறந்தபின், துறைமுகம் என்று ஹேவனையும் ஒட்டிவிட்டார்கள். வெல்ஷ் பெயரில் இரண்டு கிளெதாய் ஆறுகளின் கழிமுகம். அதை முழுசாகச் சொல்ல முயன்று நாக்கு சுளுக்கியது.

சாயங்காலம் ஃபிஷ்கார்ட். காவல் எதுவும் கிடையாது. 'ஃபிஸ்கிகர்த்', மீனை அடைத்துப் பிடிக்கும் வேலி. வெல்ஷில் அபெர்க்வைன், க்வைன் ஆற்று முகம். ஒரே துறையில் கடலில் வந்தவனுக்கு மீன் வேலி கண்ணில் பட்டிருக்கிறது, கரையில் இருந்தவனுக்கு ஆறு.

மே 29, வியாழன்

ஸ்கோமர் தீவை படகில் சுற்றினோம். பிளவுபட்ட தீவு என்று பொருள். வடக்கிலும் தெற்கிலும் கடல் கடித்து, நடுவில் ஒரு ஒடுக்கமான இடுப்பு மட்டும் மிச்சம். பஃபின் என்ற கடற்பறவைகள் வாய் நிறைய மீனோடு தலைக்கு மேலே போயின.

மேற்கே அடிவானத்தில் ஒரு தீவு. "அதுக்கு என்ன பேரு?" கிராஸ்ஹோம், புல் தீவு என்றேன். பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமுமாகப் பாதித் தீவு வெள்ளை வெளேர் என்றிருந்தது.

"புல்லா? நல்லாத் தெரியுமாப்பா?"