நடு இரவில்: பென்சிலும் தாளுமாக இரண்டாம் முறை

எஸ். பாலசந்தர் இயக்கி 1970-இல் வெளிவந்த ‘நடு இரவில்’ படத்தை முதல் முறை பார்த்தபோது எனக்குப் பயத்தைவிடக் குழப்பமே மிஞ்சியது. சாவை எதிர்நோக்கியிருக்கும் செல்வந்தர் ஒருவரின் தனித்த மாளிகையில், அவருடைய திருமணத்தைக் காரணம் காட்டி அவரை ஒதுக்கிவைத்திருந்த உறவினர்கள் கூடுகிறார்கள். பிறகு கொலைகள் தொடங்குகின்றன. இறந்தவர் யாருக்கு என்ன முறை என்பது பிடிபடாததால், ஒவ்வொரு சாவும் எனக்கு வெறும் எண்ணிக்கையாகவே கடந்துபோனது.

அகதா கிறிஸ்டியின் 1939-ஆம் ஆண்டு நாவல் ஒன்றின் சாயல் இதில் உண்டு. அந்த நாவலில் தீவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பாலசந்தரோ அவர்களை ஒரே குடும்பத்தினராக ஆக்கியிருக்கிறார். நம் ஊரில் சொத்தும் பழைய மனக்கசப்பும் எத்தனை பேரை எதிரெதிரே நிறுத்தும் என்பதை உணர்ந்து செய்த மாற்றம் அது என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே இரண்டாம் முறை ஒரு முழுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். மேஜர் சுந்தரராஜன் ஏற்ற செல்வந்தரை நடுவில் எழுதி, சித்தப்பா, அண்ணி, தம்பி மகன் என்று வசனத்தில் முறைச்சொல் காதில் விழும்போதெல்லாம் படத்தை நிறுத்தி ஒரு கோடு இழுத்தேன். ஓர் இரவில் முடியும் என்று நினைத்தது மூன்று இரவுகளாயிற்று. ஒவ்வொரு பெயரின் மீதும் பென்சிலால் குறுக்குக் கோடு போட நேர்ந்தபோது, முதல் முறை வராத நடுக்கம் வந்தது.

தாளைப் பின்னர் பார்த்தபோது இரண்டு பிழைகள் கண்ணில் பட்டன. பண்டரிபாய் நடித்த மனநலம் குன்றிய மனைவி பொன்னியை, அந்த உறவினர்களைப் போலவே நானும் ஒரு மூலையில் எழுதியிருந்தேன். 1954-இல் இதே இயக்குநரின் ‘அந்த நாள்’ படத்தில் அத்தனை உறுதியான உஷாவாக நின்றவரை இப்படி ஓரங்கட்டியது வருத்தமாக இருந்தது. பாலசந்தர் தாமே நடித்த மருத்துவரை நான் எழுதவே இல்லை. உறவினர்களை மட்டுமே சந்தேகிக்க வேண்டும் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாம் முறை திரையைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்கப் போகிறேன். இசையும் வீணை வித்வானான பாலசந்தருடையதே.